கார்ச் சில்லுக்குச் சரியான நட் எது? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகன இறக்குமதி 2020இல் நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இடையில் இங்கே ஓடிய கார்களின் பாகங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தன. அலோய் ரிம்மும் அப்படித்தான். ஹொண்டா ஃபிட்டில் இருந்தது ரொயோட்டா விற்ஸுக்கு வந்தது, விற்ஸில் இருந்தது சுசுக்கி வகன் ஆருக்குப் போனது. ரிம் வாங்கும்போது கீறல் பார்க்கிறோம், வளைவு பார்க்கிறோம், விலை பேசுகிறோம். அந்த ரிம்மைக் காரோடு பிடித்து வைத்திருக்கிற நட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ரிம் மாறினால் நட்டையும் பார்த்தே ஆகவேண்டும். ஏன், எப்படி என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது.

பழைய நட் புரியில் ஒழுங்காக ஏறுகிறதே, பிறகு என்ன?

"ஏறுது தானே அண்ணை" என்பது ரயர் கடைகளில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு. அது பாதி உண்மை. நட்டுக்கு இரண்டு பொருத்தம் வேண்டும். ஒன்று ஸ்ரட்டோடு, அதாவது சில்லு மாட்டப்படுகிற நடுப்பாகமான ஹப்பில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற புரி போட்ட கம்பியோடு: விட்டமும் புரி இடைவெளியும் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலான தூரம்) சேரவேண்டும். மற்றது ரிம்மோடு: நட்டின் அடிமுகமும் ரிம் துளையின் வாயும் ஒரே வடிவமாக இருக்கவேண்டும். முதலாவதைக் கார் செய்த கொம்பனி தீர்மானித்துவிட்டது. இரண்டாவது ரிம்மோடு மாறும். புரியில் ஏறுவதை வைத்து முதலாவதை மட்டும்தான் சொல்லமுடியும்.

காரின் பாரத்தை ஸ்ரட்டுகள் தாங்குகின்றன என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. நட்டை இறுக்கும்போது ஸ்ரட் மிகச் சிறிதளவு நீளும். நீண்ட ஸ்ரட் ஸ்பிரிங் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. பிரேக் பிடித்தாலும் வேகம் எடுத்தாலும் அந்தப் பலம் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வால்தான் கடத்தப்படுகிறது. நட்டின் முகம் முழுவதாகப் பதியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால், ஓட ஓட அந்த விளிம்பு நசுங்கும். நசுங்கியதும் பிடி தளரும், பிடி தளர்ந்தால் ரிம் அசையும், அசைவில் ஸ்ரட் வளைந்து வளைந்து முறியும். சில்லு கழன்று ஓடும் விபத்துகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

என் காருக்கு என்ன அளவு நட்?

ரொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி, மஸ்டா, ஹியுண்டாய், கியா, பெரோடுவா கார்களில் பெரும்பாலானவை 12 மில்லிமீற்றர் ஸ்ரட், 1.5 மில்லிமீற்றர் புரி இடைவெளி. சுசுக்கி, நிசான், சுபாரு மூன்றும் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர்தான், ஆனால் இடைவெளி 1.25. லாண்ட் குரூசர் 100, 200 போன்ற பெரிய வண்டிகளுக்கு 14க்கு 1.5.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். மஸ்டா ஃபிளெயார் என்று ஓடுவது உண்மையில் சுசுக்கி செய்த வகன் ஆர். அதற்குச் சுசுக்கி நட்தான் போகும். சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். ஒரு நட்டைக் கழற்றி, வெளியே தெரிகிற ஸ்ரட்டைத் துணியால் துடைத்து, அதன் மேல் சிறிய அடிமட்டத்தை நீளவாக்கில் வையுங்கள். 15 மில்லிமீற்றருக்குள் 10 புரி இருந்தால் 1.5. 12 புரி இருந்தால் 1.25. வெயிலில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கால் மில்லிமீற்றர் வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். 1.25 ஸ்ரட்டில் 1.5 நட்டை வைத்தால் ஒன்றிரண்டு சுற்று கையால் போகும், பிறகு இறுகும். கையில் ஸ்பனர் இருப்பவர் அந்த இடத்தில் நிறுத்தி யோசிப்பார். காற்றழுத்தத்தால் நட்டைச் சுழற்றி இறுக்குகிற எயார் கன் யோசிக்காது. புரியை வெட்டிக்கொண்டு உள்ளே போய் "இறுகிவிட்டது" என்று காட்டும். பிறகு அந்த நட்டைக் கழற்றும்போது ஸ்ரட்டின் புரி சுருள் சுருளாக நட்டோடு வெளியே வரும்.

ஆகவே எங்கே சில்லு மாற்றினாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எல்லா நட்டையும் முதலில் விரலால் அடிவரை ஏற்றவேண்டும். நல்ல நட் நல்ல ஸ்ரட்டில் விரலால் தடையில்லாமல் ஓடும். ஓடாவிட்டால் புரி அழுக்கு, அல்லது புரி பழுது, அல்லது நட் பிழை. மூன்றுக்கும் பலம் மருந்தல்ல. "தம்பி, கையால ஏத்திப்போட்டு கன்னைப் பிடியுங்கோ" என்று சொன்னால் எந்த நல்ல வேலைகாரரும் கோபிக்கமாட்டார்.

நட்டின் அடிமுகத்தில் எத்தனை வகை?

நம் ஊரில் காண்பது மூன்று. கூம்பு முகம், உருண்டை முகம், வாசரோடு வரும் தட்டை முகம்.

கூம்பு முகம் 60 பாகை சரிவு. இரும்பு ரிம்களுக்கும், வெளிக்கொம்பனிகள் செய்து விற்கிற அலோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் இதுதான். உருண்டை முகம் ஹொண்டாவின் வழக்கம். காரோடு வந்த ஹொண்டா ரிம்களில் துளையின் வாய் கிண்ணம்போலக் குழிந்திருக்கும், நட்டின் அடி பந்துபோல வளைந்திருக்கும். அந்த வளைவின் ஆரை 12 மில்லிமீற்றர். தட்டை நட் ரொயோட்டாவின் சில அலோய்களுக்கு வரும்: கீழே ஒரு குழாய்த்தண்டு, அதற்கு மேலே சுழலும் வாசர். தண்டு துளைக்குள் இறங்கும், வாசர் ரிம்மின் தட்டையான முகத்தில் உட்காரும்.

கூம்பையும் உருண்டையையும் தூரத்தில் நின்று பிரித்துச் சொல்வது கடினம். நட்டைப் படுக்கவைத்து, அடிமுகத்தின் சரிவில் அடிமட்டத்தின் விளிம்பைச் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் கூம்பு. நடுவில் தொட்டு இரு பக்கமும் வெளிச்சம் வந்தால் உருண்டை.

ரிம்மோடு சேருகிறதா என்று பார்க்க இன்னும் நம்பகமான வழி உண்டு. நட்டின் அடிமுகம் முழுவதும் மார்க்கர் பேனையால் கறுப்பாகப் பூசி, காயவிட்டு, ரிம் துளையில் வைத்து மிதமாக இறுக்கிவிட்டுக் கழற்றுங்கள். மை அகலமான ஒரு பட்டையாகச் சுற்றிவரத் தேய்ந்திருந்தால் முகம் சேருகிறது. நூல்போல மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் சேரவில்லை, அந்த நட்டை அந்த ரிம்முக்குப் போடக்கூடாது. ஐந்து நிமிட வேலை. பாவித்த ரிம் வாங்குகிற ஒவ்வொருவரும் காசு கொடுக்கமுன் இதைச் செய்துபார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபிட் அலோயை விற்ஸுக்குப் போடலாமா?

இங்கே அதிகம் நடக்கிற மாற்றம் இதுதான். அதிகம் பிழையாகிப் போகிற மாற்றமும் இதுதான்.

துளைகள் சரிவரும், இரண்டுக்கும் நான்கு துளை, அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். புரியும் சரிவரும்; இரண்டும் 12க்கு 1.5. ஆகவே ரிம்மை மாட்டி ரொயோட்டா நட்டைப் போட்டால் எல்லாம் இறுகும், கார் ஓடும். உள்ளே என்ன நடக்கிறது என்றால், கூம்பு நட் கிண்ணக் குழிக்குள் ஒரு மெல்லிய வளையத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். சில வாரத்தில் அந்த வளையம் பள்ளமாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபிட் ரிம்மின் நடுத்துளை 56.1 மில்லிமீற்றர், அதற்குள் போகிற விற்ஸ் ஹப்பின் நடு மேடு 54.1. சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் வெளி. ரிம் சரியாக நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்து இறுகினால், 80 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங் உதறும். பலன்ஸ் செய்து செய்து காசு போகும், உதறல் போகாது.

செய்யவேண்டியது: 12க்கு 1.5 புரியில் உருண்டை முக நட் ஒரு தொகுதி வாங்குங்கள், ஹொண்டாவின் சொந்த நட் கிடைத்தால் அதுவே போதும். நடுத்துளைக்கு அந்த வெளியை அடைக்கிற, 56.1க்கு 54.1 அளவுள்ள ஹப் வளையம் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அந்த ரிம் விற்ஸில் நிம்மதியாக ஓடும்.

அதே ரிம்மை வகன் ஆருக்குப் போடுவதென்றால் வேறு கதை. துளை வட்டம் அதே 100தான், ஹப் மேடும் 54.1தான், ஆனால் புரி 1.25. ஹொண்டா நட் ஏறாது, சுசுக்கி நட்டின் முகம் சேராது. 12க்கு 1.25 புரியில் உருண்டை முகம் உள்ள நட்டைத் தேடி எடுக்கவேண்டும். கிடைக்கும், கொஞ்சம் அலையவேண்டியிருக்கும். உள்ளூரில் இல்லையென்றால் கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பிக்கலாம். கிடைக்கும்வரை பழைய ரிம்மிலேயே ஓடுங்கள்.

விற்ஸ் ரிம்மை ஃபிட்டுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு: 54.1 துளை 56.1 மேட்டில் ஏறாது. சில இடங்களில் துளையைக் கடைந்து பெருப்பிப்பார்கள். நான் அதற்கு ஆதரவில்லை.

அலோய்க்கு வாசர் நட், ஸ்பெயார் சில்லு இரும்பு. காற்றுப் போனால் என்ன செய்வது?

நல்ல கேள்வி. வழியில் நிற்கும்போது இதை யோசித்துப் பயனில்லை. ரொயோட்டாவின் சொந்த வாசர் நட்டில் தண்டின் நுனி சரிவாகக் கடையப்பட்டிருந்தால், இரும்பு ரிம்மில் அந்தச் சரிவு பதியும், வாசர் ரிம்மைத் தொடாது. காரோடு வந்த கைநூலில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். வெளியில் வாங்கிய வாசர் நட்டின் நுனி சதுரமாக வெட்டப்பட்டிருக்கலாம்; அது இரும்பு ரிம்மைப் பிடிக்காது. அப்படியானால் ஒரு சில்லுக்குத் தேவையான கூம்பு நட்டை ஒரு பையில் போட்டு ஸ்பெயார் சில்லோடு வைத்திருங்கள். வெளி அலோய் போட்டு நட்டை மாற்றிய எல்லோருக்கும் இது பொருந்தும்.

மறுபக்கம், தட்டை முக ரிம்முக்குக் கூம்பு நட்டைப் போடவே கூடாது. கூம்பு துளைக்குள் ஆப்புபோல இறங்கி அலுமினியத்தைப் பிளக்கப் பார்க்கும்.

எவ்வளவு ஆழம் ஏறவேண்டும்?

முகம் பதிந்தபின் ஸ்ரட்டின் விட்டமளவு நீளம் நட்டுக்குள் இருக்கவேண்டும். 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டில் 1.5 புரி என்றால் குறைந்தது 8 முழுச்சுற்று, 1.25 என்றால் ஏறக்குறைய 10. எண்ணிப் பார்க்கலாம். தடித்த அலோய் போட்டாலோ, ரிம்மை வெளியே தள்ள ஸ்பேசர் போட்டாலோ இந்தச் சுற்று குறையும். குறைந்தால் நீளமான ஸ்ரட் அடிக்கவேண்டும், வேறு வழி தேடக்கூடாது.

மூடிய நட் நல்லதா, திறந்த நட் நல்லதா?

தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கும் நாளாந்தம் பண்ணைப் பாலத்தால் போய் வருபவர்களுக்கும் மூடிய நட்டையே சொல்வேன். இரண்டு பக்கமும் கடல், காற்றிலேயே உப்பு. திறந்த நட்டில் ஸ்ரட்டின் நுனி வெளியே நின்று துருப்பிடிக்கும். பிறகு நட்டைக் கழற்றும்போது அந்தத் துரு நட்டின் புரியையெல்லாம் அரைத்துக்கொண்டு வரும். மூடிய நட் வாங்குமுன் ஸ்ரட்டின் நீளத்தைப் பாருங்கள். ஸ்ரட் நீளமாக இருந்தால் நுனி மூடியில் முட்டி, நட் இறுகிவிட்டதுபோலத் தெரியும். ரிம் உண்மையில் இறுகியிராது. சில்லில்லாமல் வெறும் ஸ்ரட்டில் நட்டை விரலால் ஏற்றி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

துரு பிடிக்காமல் ஸ்ரட்டில் எண்ணெயோ கிறீஸோ பூசலாமா?

கூடாது. நட்டை இறுக்க நாம் கொடுக்கிற பலத்தில் மிகப் பெரும் பங்கு புரியிலும் முகத்திலும் உராய்வாகப் போகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஸ்ரட்டை இழுக்கிறது. கைநூலில் உள்ள எண் காய்ந்த, சுத்தமான புரிக்குச் சொல்லப்பட்டது. எண்ணெய் பூசினால் உராய்வு குறைந்து, அதே பலத்தில் ஸ்ரட் அளவுக்கு மீறி இழுபடும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும்.

துடைக்கவேண்டிய இன்னோர் இடம் ஹப்பின் முகம். உப்புக் காற்றில் இரும்பு ஹப்பும் அலுமினிய ரிம்மும் ஒட்டியிருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், துரு செதிலாக எழும்பும். அதை வழிக்காமல் ரிம்மை ஏற்றினால் நட் செதிலைத்தான் இறுக்கும். செதில் உதிர்ந்ததும் நட் தளரும். ஹப்பின் நடு மேட்டில் மெல்லியதாகக் கிறீஸ் தடவலாம், ரிம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அதற்கு மேல் எங்கும் வேண்டாம்.

எவ்வளவு இறுக்கவேண்டும்?

ரொயோட்டாவின் சிறிய, நடுத்தரக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். ஹொண்டாவுக்கு 108. சுசுக்கியின் ஆல்ட்டோ, வகன் ஆர் போன்றவற்றுக்கு 85 அளவு. உங்கள் காரின் கைநூலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

ஸ்பனரில் ஏறி நின்று இறுக்குகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 30 சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியில் நின்றால் நட்டுக்குப் போவது 200 நியூட்டன் மீற்றருக்கு மேல். தேவையானதில் இரண்டு மடங்கு. துள்ளினால் இன்னும் கூடும். அப்படி இறுக்கிய ஸ்ரட் நிரந்தரமாக நீண்டுவிடும், பிறகு அது ஸ்பிரிங்காக வேலை செய்யாது. வீட்டில் பெண்களும் வயதானவர்களும் வழியில் தனியே சில்லு மாற்றவேண்டி வந்தால், அந்த நட்டை அசைக்கவே முடியாது என்பதையும் நினைக்கவேண்டும்.

ரோர்க் ரென்ச் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டுகிற ஸ்பனர்) இல்லாவிட்டால், 30 சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியை 35 கிலோ பாரம் தூக்குகிற அளவு பலத்தோடு இழுத்தால் ஏறக்குறைய 103 வரும். இது வீடு வந்து சேர்வதற்கான மதிப்பீடு மட்டும். கராஜில் ரோர்க் ரென்ச் கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். பக்கத்துப் பக்கத்து நட்டை இறுக்கிக்கொண்டு போகக்கூடாது, எதிரெதிராக இறுக்கவேண்டும். முதலில் சில்லு தூக்கியிருக்கும்போது எல்லாவற்றையும் மெதுவாகப் பதியவைத்து, ஜக்கை இறக்கிச் சில்லு தரையில் நின்றபின் முழு அளவுக்கு இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுகினால் பிரேக் டிஸ்க் சாய்ந்து, பிரேக் பிடிக்கும்போது மிதி அதிரும்.

இறுக்கியபின் மறந்துவிடலாமா?

80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும். புதிய ரிம்மின் பெயின்ற், ஹப்பில் மிஞ்சிய துரு எல்லாம் ஓட்டத்தில் அமுங்கும். ரிம் மாற்றிய மறுநாளே கொழும்புக்கு வெளிக்கிடுகிறவர்கள் ஏ9இல் மாங்குளம் வரும்போது 90 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருப்பார்கள். தேநீருக்கு நிறுத்துவீர்கள்தானே, அங்கே ஸ்பனரை எடுங்கள். சில்லு ஆறியபின் பார்ப்பது நல்லது.

மெதுவாகப் போகும்போது டொக் டொக் என்று சத்தம், புதிதாக வந்த ஸ்ரியரிங் உதறல், நட்டைச் சுற்றிச் செம்மஞ்சளாக வழிந்த துருக்கோடு: இவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்திப் பாருங்கள்.

நிறம் நிறமான நட், பூட்டு நட்?

காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினிய நட்டின் புரி விரைவில் தேயும். நாளாந்த ஓட்டத்துக்கு இரும்பையே எடுங்கள். மினுங்குகிற தகட்டு மூடி போட்ட நட்டுகளில், மூடிக்குள் ஈரம் போய்த் துரு வீங்கினால் ஸ்பனர் ஏறாது. ஒரே உலோகத்தில் வார்த்தது நல்லது. தலையின் அளவையும் பாருங்கள்: ரொயோட்டாவுக்கு 21, ஹொண்டாவுக்கும் சுசுக்கிக்கும் 19 வழக்கம். 17 அளவு நட் வாங்கிவிட்டுக் காரில் 21 ஸ்பனர் மட்டும் வைத்திருந்தால் வழியில் சிக்கல்.

சில்லு களவு போகாமல் பூட்டு நட் போட்டால் அதன் திறப்பை ஸ்பெயார் சில்லோடேயே வையுங்கள். எயார் கன்னைப் பூட்டு நட்டில் பிடிக்க விடாதீர்கள், தலை சிதையும்.

பீஜோ, பீ.எம்.டபிள்யூ. வைத்திருப்பவர்களுக்கு?

ஐரோப்பிய கார்கள் பலவற்றில் ஸ்ரட்டும் நட்டும் இல்லை. போல்ட் நேராக ஹப்புக்குள் போகும். முக வடிவத்தோடு போல்ட்டின் நீளமும் சேரவேண்டும். குறைந்தால் பிடி போதாது, கூடினால் பின்னால் பிரேக் பாகங்களில் முட்டும்.

வீட்டில் மொரிஸ் மைனர் இருக்கிறது. அதற்கு?

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எங்களைக் காப்பாற்றிய கார்கள் இவை, கவனமாகப் பாருங்கள். மொரிஸ் மைனரின் ஸ்ரட் மில்லிமீற்றர் அளவே இல்லை: எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. அதாவது 9.5 மில்லிமீற்றர் அளவு. 10 மில்லிமீற்றர் நட்டில் சில அதில் தளர்வாக ஏறும், இறுக்கும்போது புரி அழிந்து வழுகும். கிட்டத்தட்ட வந்தால் போதும் என்று விடாதீர்கள், அங்குலப் புரி நட்டையே தேடி எடுங்கள். பழைய அமெரிக்கக் கார்கள் சிலவற்றில், டொட்ஜ், பிளைமவுத் போன்றவற்றில், இடப்பக்கச் சில்லுகளுக்கு இடப்புரி. அவற்றை வழக்கம்போலக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும், ஸ்ரட் முறியும். ஸ்ரட்டின் நுனியில் எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு ஸ்ரட் முறிந்துவிட்டது. மூன்று நட்டோடு ஓடலாமா?

நான்கு துளைச் சில்லில் ஓடக்கூடாது. கால் பங்கு பிடி போய்விட்டது, பக்கத்து இரண்டும் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டிருக்கும். தளர்ந்து ஓடியதால் முறிந்திருந்தால் மற்ற மூன்றும் வளைந்து களைத்தவைதான், அந்த ஹப்பில் நான்கையும் புதிதாக மாற்றவேண்டும். ரிம் துளையின் வாயையும் விரலால் தடவிப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால், அல்லது உள்ளே படிபோலத் தட்டுப்பட்டால், புது நட் போட்டாலும் அந்த ரிம் பிடிக்காது.